டீச்சாயம் ஏறிய துப்பாக்கி

துப்பாக்கியின் மரக்கட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே வெர்ன் பெட்ராக்குக்குக் குமட்டியது. டீத்தூளைக் காய்ச்சி ஊற்றிய வாடை. அதன் மேல் பூட்ஸ் பாலிஷ். அதற்கும் மேல் ஆளிவிதை எண்ணெய், போன வாரம் தடவியதாக இருக்கும், இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை. பழைய பட்டாளத்துக் கட்டைக்கென்று ஒரு வாடை உண்டு. கைவியர்வையும் கறுத்த எண்ணெயும் கட்டிலடித் தூசியும் சேர்ந்து ஊறிய வாடை. அது இதில் மருந்துக்கும் இல்லை. பிணத்துக்குப் பவுடர் அடித்து நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

அதைப் போர்வையின் மேல் வைத்துவிட்டு விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

சந்தைத் திடலின் மாட்டுக் கொட்டகையில்தான் வருஷா வருஷம் போட்டி. ஆகஸ்டில் பரிசு மாடுகள் நிற்கிற இடத்தில் பிப்ரவரியில் மேஜை போட்டுத் துப்பாக்கி அடுக்குவார்கள். எவ்வளவு கழுவினாலும் தரையிலிருந்து சாணி நெடி போகாது. ஈரக் கோட்டு, துப்பாக்கி எண்ணெய், மூலையில் தொத்திறைச்சியும் வெங்காயமும் வதங்குகிற புகை எல்லாம் அதோடு கலந்து கிடக்கும். வெளியே ஏரிக்காற்று பனியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அதனாலோ என்னவோ, ஓஹையோவின் வடக்கு மூலையில் இருக்கிற ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் உள்ளேதான் இருந்தார்கள்.

போட்டி எம்-ஒன்களுக்கு மட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துவிட வேண்டாம். விசையை அமுக்க அமுக்க எட்டுக் குண்டையும் தானாக உள்ளே தள்ளிக்கொள்ளும் பழைய ராணுவத் துப்பாக்கி. ஒவ்வொன்றையும் போர்வையில் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு உறுப்பிலும் குத்தியிருக்கிற எண்ணைப் பார்த்து, அது எந்த மாசம் எந்தப் பட்டறையில் வந்தது என்று கண்டுபிடித்து மதிப்பெண் போட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் நீல ரிப்பன். இதில் இருக்கிற கோமாளித்தனம் எல்லாருக்கும் தெரியும். சண்டை முடிந்ததும் ராணுவமே எல்லாத் துப்பாக்கியையும் கழற்றி, உறுப்புகளைக் குவியலாகப் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து மாட்டி அனுப்பிவிட்டது. நிஜமாகச் சேவகம் செய்த துப்பாக்கி என்றால் அது கலப்படமாகத்தான் இருக்கும். கலப்படத்துக்கு ரிப்பன் கிடையாது. அதனால் ஊரெல்லாம் அலைந்து பழைய உறுப்பு பொறுக்கி, ‘சரிசெய்து’ கொண்டுவருவார்கள். உறுப்பு மாற்றினால் சரிசெய்வது. கட்டையில் ராணுவச் சோதனை அதிகாரியின் முத்திரையைப் புதிதாகக் குத்தினால் மோசடி. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அவரவர் வசதிக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்வார்கள்.

வெர்ன் எஃகு ஆலையின் கரி உலைகளில் வேலை செய்தவன். உலைகளை மூடிய பிறகு ஒழுங்காகச் செய்ததென்று சொல்லிக்கொள்ள அவனிடம் இந்த மதிப்பீட்டு வேலை ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமைகளில் துப்பாக்கி கழற்றுவான். மற்ற நாட்களில் அதைப் பற்றிப் படிப்பான். அவன் பெண்டாட்டி கேலி செய்வாள். அவள் போன பிறகு கேலி செய்யவும் ஆளில்லை.

இந்த நான்காம் மேஜைத் துப்பாக்கி டெல்மர் ஸ்டோக்ஸுடையது. டெல்மர் இன்ஷூரன்ஸ் விற்றவன். தோளில் மாட்டுகிற சிவப்புப் பட்டை வைத்துக் கால்சட்டையைத் தூக்கிக் கட்டியிருப்பான், யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுவான். அவன் துப்பாக்கியில் எல்லாமே சரியாக இருந்தது. ஒரு ஆணிகூட மாசம் தப்பவில்லை. முத்திரையை மட்டும் வெர்ன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். எழுத்தின் விளிம்பு பிளேடு மாதிரி நின்றது, பள்ளத்துக்குள் மரம் வெள்ளையாக நாரைக் காட்டியது. நேற்றுக் குத்தியது. சரி, இது பழகின அசிங்கம்தான் என்று வெர்ன் மதிப்பெண்ணை வெட்டப் போனான். அதற்குள் டெல்மர் வந்து மேஜையின் மேல் சட்டம் போட்ட ஒரு படத்தை நிறுத்தினான்.

படத்தில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். மடியில் இதே துப்பாக்கி. தலையில் காலாட்படைத் தொப்பி. கன்னத்தில் சர்க்கரைப்பொடி ஒட்டியிருந்தது.

வெர்னுடைய அப்பா எமில்.

டெல்மர் பேசிக்கொண்டே போனான். வியாழக்கிழமை தோறும் முதிய சிப்பாய்களின் இல்லத்துக்கு டோனட் பெட்டியோடு போகிறானாம். பாவம், யாரும் வருவதில்லையாம். உங்கப்பாவோடு நல்ல சிநேகமாகிவிட்டதாம். அவர் கொரியாவில் குன்று ஏறினபோது தூக்கிக்கொண்டு போன துப்பாக்கி இதுதானாம். வரும்போது துண்டு துண்டாகக் கழற்றி மூட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாராம். கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்து சேர்ந்ததாம். பார்த்ததும் அவர் அழுதாராம். இதையெல்லாம் அவரே சொல்லி, வீடியோவும் எடுத்திருக்கிறதாம்.

"எங்கப்பா குன்று ஏறலை, டெல்மர்," என்றான் வெர்ன்.

"அதெப்படி உனக்குத் தெரியும்? நீ அப்ப பொறக்கவே இல்லையே."

"அது இருக்கட்டும். இதுல பின்னாடி குறிபாக்கற சக்கரம் பழைய மாதிரி. கொரியாவுக்குப் போறதுக்குள்ள பட்டறையில அநேகமா எல்லாத்துக்கும் அத மாத்திட்டான். நீ ரிப்பனுக்காகத் தேடிப் புடிச்சுப் பழசை மாட்டியிருக்க. தொழிற்சாலைலேருந்து நேரா வந்த புதுசும் அதுதான், கொரியாவுல அடிபட்டதும் அதுதான்னா எப்படிய்யா?"

டெல்மர் சிரித்தான். பிடிபட்டவன் சிரிப்பு இல்லை அது. சீட்டாட்டத்தில் நல்ல கை வந்தவன் சிரிப்பு. அப்புறம் குரலை இறக்கி, தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னான்:

"வெட்டிக்கோ. தாராளமா வெட்டிக்கோ. ஆனா என்னன்னு எழுதுவ? சொந்த அப்பன் பொய் சொல்றான்னா? ரெண்டு மணிக்கு வேன்ல வர்றார் மனுஷன். டை கட்டிக்கிட்டு வர்றார். பேப்பர்க்காரன் வர்றான். நீ அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லிடு."

தோளில் இருந்த கை சூடாக, ஈரமாக இருந்தது. வெர்ன் அதை எடுத்து, ஏதோ உறுப்பை வைப்பதுபோல மேஜையில் வைத்தான்.

அப்பா கொரியாவில் என்ன செய்தார் என்பதை வெர்னுக்கு அம்மாதான் சொன்னாள், அதுவும் ஒரே தடவை. ராணுவத்தில் பிணம் எடுக்கிற பிரிவு. சண்டை ஓய்ந்த இடத்துக்கு லாரியில் போய், விழுந்தவர்களைத் தேடி எடுத்து, கழுத்தில் தொங்கும் பெயர்த் தகட்டைப் பார்த்து, பையிலிருந்ததைத் தனியே கட்டி, வரிசையாகப் படுக்க வைக்கிற வேலை. அதனால்தான் அவர் இறைச்சியை எலும்போடு தொடமாட்டார், சாப்பிடும் முன் முழங்கை வரை கழுவுவார், அதைப் பற்றிக் கேட்காதே என்றாள். வெர்ன் கேட்கவில்லை. ஊர்த் திருவிழாவில் மற்ற சிப்பாய்கள் ஊர்வலம் போகும்போது எமில் வீட்டுப் பின்புறம் எதையாவது ரிப்பேர் பண்ணிக்கொண்டிருப்பார். பிறகு வார்ப்படப் பட்டறையில் முதுகு ஒடிய வேலை பார்த்தார். அவ்வளவுதான் அவர் கதை. அதில் துப்பாக்கி கிடையாது.

வெர்ன் நேராக வார்ட் ஹேக்கரிடம் போனான். வார்ட் சங்கத் தலைவர், பள்ளிக்கூடத்தில் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர், மூன்று மதிப்பீட்டாளர்களில் ஒருவர். தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தார். வெர்ன் டீச்சாயத்தைச் சொன்னான், முத்திரையைச் சொன்னான். வார்ட் தலையாட்டிக்கொண்டே மென்றார். தெரியும் என்றார். தானும் மோந்து பார்த்ததாகச் சொன்னார். ஆனால் இந்தக் கொட்டகையில் டீச்சாயம் போடாதவன் எவன் என்று திருப்பிக் கேட்டார். அடுத்தவன் மேஜையில் நின்று அவன் துப்பாக்கியைப் பழிப்பது நம் வழக்கமில்லையே வெர்ன், ஒருவனைத் தொட்டால் எல்லார் கட்டையையும் மோந்து பார்க்கவேண்டி வரும் என்றார். சங்கத்தில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. நிஜமான ஒரு கிழச் சிப்பாய், நிஜமான துப்பாக்கி, பேப்பரில் ஒரு படம், இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது? அவரும் மூன்றாமவரும் ஏற்கெனவே முழு மதிப்பெண் போட்டாகிவிட்டது. மூன்றாமவர் சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆமாம் போட்டார். அந்த மூக்குக்கு எந்த வாடையும் தெரிந்திருக்காது.

வார்ட்டின் மீசையில் கடுகுச் சாறு வழிந்தது. இத்தனை வருஷமாக இவர்களோடு உட்கார்ந்துதான் வெர்னும் தின்றிருக்கிறான்.

சொன்னபடி இல்லத்து வேன் வந்தது. எமிலைச் சக்கர நாற்காலியில் வைத்து டெல்மரே தள்ளிக்கொண்டு வந்தான். சட்டைக் காலரில் கழுத்து ஆடியது. டை முடிச்சு கச்சிதமாக இருந்தது, யாரோ போட்டுவிட்டது. தலையில் அந்தத் தொப்பி. வழியில் நின்றவர்கள் விலகி, தொப்பியைக் கழற்றி, "நன்றி ஐயா" என்றார்கள். எமில் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். அவர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து வெர்ன் பார்த்ததே இல்லை.

அவன் நாற்காலியின் முன்னால் குந்தினான். டெல்மரை, போய்க் காப்பி கொண்டுவா என்று துரத்தினான்.

"அப்பா, இந்தத் துப்பாக்கி உங்களுது இல்ல. தெரியுமில்ல?"

எமில் அவனைத் தெளிவாகவே பார்த்தார். மறதி, குழப்பம் ஒன்றும் இல்லை. அதுதான் வெர்னை மேலும் அடித்தது.

"தெரியாம என்ன?"

"அப்புறம் ஏன்?"

கிழவர் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டார். "அந்தாள் வந்து உக்காந்து கேக்கறாண்டா. வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்கறான். நர்சுங்க வந்து கேக்கறாங்க. நான் செஞ்சத சொன்னா எவன் கேப்பான்? ஒரு தடவ சொன்னேன், உங்கம்மாகிட்ட. அன்னிக்கு ராத்திரி அவ தள்ளிப் படுத்தா." கொஞ்சம் நிறுத்தி, "கெடுத்துடாத வெர்ன். ஒரு நாள்தான்," என்றார்.

வெர்ன் எழுந்தான். வாய்க்குள் எச்சில் கசந்தது, அதைத் துப்ப அங்கே இடமில்லை. தன் மதிப்பெண் தாளை நாலாய் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். எதுவும் எழுதவில்லை. அப்பா கேட்டது இது ஒன்றுதான். இத்தனை காலத்தில் வேறு எதுவும் அவர் கேட்டதாக ஞாபகம் இல்லை. பொய்யை விழுங்க வேண்டியதுதான். இதைவிடக் கெட்டதை ஆலை கேன்டீனில் விழுங்கியிருக்கிறான்.

கூட்டம் மேஜையைச் சுற்றிக் கட்டியது. வார்ட் நீல ரிப்பனோடு நின்று, தியாகம், பனி, சுதந்திரம் என்று என்னென்னவோ பேசினார். எமில் தன் பங்குக்குக் குன்றைப் பற்றிச் சொன்னார். டெல்மரின் வார்த்தைகள் அப்படியே வந்தன. இன்ஷூரன்ஸ் விற்கிறவன் வார்த்தைகள் அப்பாவின் வாயில். ஒருவன் கண்ணைத் துடைத்தான். அவன் மேஜையில் இருக்கிற கட்டைக்குச் சாயம் போட்டுக் கொடுத்தது டெல்மர்தான் என்று வெர்னுக்குத் தெரியும்.

பேப்பர்க்காரப் பெண், ஐயா அதில் குண்டு எப்படிப் போடுவீர்கள் என்று காட்டினால் ஒரு படம் எடுக்கலாம் என்றாள். "வேணாம், அவர் களைச்சிருக்கார்," என்று வெர்ன் குறுக்கே போனான். டெல்மர் அதற்குள் குண்டு நுழைகிற அறையில் கோத்திருந்த பாதுகாப்புப் பட்டையை வெட்டி, அறையை மூடுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்து மாட்டி, வெறும் துப்பாக்கியைக் கிழவர் மடியில் வைத்துவிட்டான்.

"பழகின கைப்பா. நீ தள்ளிக்க," என்றான் வெர்னிடம்.

எம்-ஒன்னைக் கையில் கொடுத்த முதல் நாளே சிப்பாய்க்கு ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். கை விளிம்பால் போல்ட்டின் கைப்பிடியைத் தடுத்துப் பிடித்துக்கொண்டுதான் குண்டை அமுக்கக் கட்டைவிரலை உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் அவிழ்ந்து எலிப்பொறி மாதிரி வந்து விழும். குன்று ஏறினவனுக்கு அது தூக்கத்திலும் மறக்காது. எமில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஜாம் பாட்டிலுக்குள் விடுவதைப் போலக் கட்டைவிரலை உள்ளே விட்டு அமுக்கினார்.

சத்தம் மாட்டுக் கொட்டகை முழுக்கக் கேட்டது. கிழவர் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். வெர்ன் பாய்ந்து போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான். விரல் வெளியே வந்தது. நகம் பிளந்து, ரத்தம் போல்ட்டின் மேலும் கட்டையின் மேலும் சொட்டியது.

"துடை, துடை, உப்பு ஏறிடும்," என்றான் டெல்மர். நாலு பக்கத்திலிருந்தும் துணி நீண்டது. எல்லாரும் துப்பாக்கியைத்தான் துடைத்தார்கள். ரத்தம் பட்டால் எஃகு துரு ஏறும், நிமிஷத்தில் பொரிப் பொரியாகக் கிளம்பும். இந்த ஆட்களுக்கு அது எலும்பில் ஊறின பயம். பின்னால் ஒருவன், நம்ம எல்லாருக்கும் ஒரு தடவை ஆனதுதானே என்று சிரித்தான். இன்னொருவன் கைதட்டினான். கைதட்டல் பரவியது. கிழவர் யார், யார் இல்லை என்பது அந்தக் கொட்டகையில் ஒவ்வொருவனுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அப்படியும் தட்டினார்கள். தட்டாவிட்டால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போதுதான் வெர்ன் தன் கையைப் பார்த்தான். அவன் கையிலும் துணி இருந்தது. அது போல்ட்டின் இடுக்கில் இருந்தது. விரல் மடக்கி, மூலை விடாமல், பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா ஒரு முழ தூரத்தில் ரத்தம் ஒழுகும் கையைத் தூக்கிப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்ன் துணியைக் கீழே போட்டான். அவன் நகர்வதற்குள் தொத்திறைச்சிக் கடைக்காரி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, பனிக்கட்டியைத் தாளில் சுற்றி விரலில் வைத்து அழுத்தினாள். "என்ன ஜென்மங்கடா நீங்க," என்றாள், குறிப்பாக யாரையும் பார்க்காமல்.

எமில் பேசினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் இந்தத் தடவை டெல்மரின் வார்த்தை இல்லை.

"ஒருத்தன் கையிலயே உறைஞ்சு போச்சு. இந்த மாதிரிதான், எம்-ஒன்னு. கை விடலை. கல்லு மாதிரி ஆயிட்டான். வெந்நி ஊத்தினோம். சார்ஜன்ட் பக்கத்துல நின்னுக்கிட்டு, கட்டைய ஒடச்சுடாதீங்கடா, கட்டைய ஒடச்சுடாதீங்கடான்னான். விரலை என்ன வேணாலும் பண்ணுன்னான்."

கைதட்டல் ஓய்ந்தது. பேப்பர்க்காரப் பெண் கேமராவை இறக்கினாள்.

"நான்தான் பண்ணேன்," என்றார் எமில். "ஒண்ணொண்ணா. சத்தம் கேட்டுது."

வார்ட் தொண்டையைச் செருமி, ஐயா களைத்துவிட்டார், நாம் மற்ற மேஜைகளைப் பார்க்கலாம் என்றார். அதற்குத்தான் காத்திருந்ததைப் போல ஆட்கள் கலைந்தார்கள். கண்ணைத் துடைத்தவன் முதலில் போனான். நிஜமான சண்டைக் கதைக்கு ஏங்குவதாகப் போன மாசக் கூட்டத்தில் சொன்னவன் அடுத்து. டெல்மர் துப்பாக்கியை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை பக்கத்தில் ரத்தம் ஊறியிருக்கிறதா என்று பார்த்தான். ஊறியிருந்தது. அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டு, கம்பளிக்குள் சுற்றினான். அந்தக் கறைக்கு அடுத்த வருஷம் அவன் என்ன கதை சொல்வான் என்று வெர்னுக்கு அந்த நிமிஷமே கேட்டது.

"அத வை கீழ," என்றான் வெர்ன்.

"என்னோடது வெர்ன் இது."

"கட்டை ஒன்னோடது. அந்த முத்திரை நீ குத்தினது, அதுவும் ஒன்னோடது. ரத்தம் எங்கப்பாவோடது. துடைச்சுட்டு எடுத்துட்டுப் போ."

சொன்ன குரல் மூலைவரை போனது. அடுத்தவன் மேஜையில் நின்று சொல்லக் கூடாததைச் சொல்லியாகிவிட்டது. இனி இந்தக் கொட்டகையில் எவனும் அவன் முன்னால் போர்வை விரிக்க மாட்டான். டெல்மர் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்காகவும் வரவில்லை, வெர்னுக்காகவும் வரவில்லை. எல்லாரும் அவரவர் துப்பாக்கியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்மர் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தான். ரத்தத்தோடு டீச்சாயமும் துணியில் வந்தது. கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது, சொறி பிடித்த நாயின் முதுகு மாதிரி. அதைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு போனான். ரிப்பன் மேஜையில் கிடந்தது.

வெர்ன் அப்பாவின் தலையிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்தான். எமில் தடுக்கவில்லை. நெற்றியில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. மனிதர் சுருங்கிப்போயிருந்தார், டை கட்டி நிமிர்ந்து வந்த ஆள் இல்லை. அவர் கேட்ட அந்த ஒரு நாள் முடிந்துவிட்டது.

"போயிட்டாங்களா எல்லாரும்?" என்றார்.

"போயிட்டாங்க."

"சொன்னேன்ல."

வெர்ன் ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தான். அந்த விரல்கள் முறிகிற சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை. அம்மா தள்ளிப் படுத்தது அவனுக்குப் புரிந்தது, அது புரிந்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. வேன் டிரைவர் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்ன் அவனைக் காத்திருக்கச் சொல்லிக் கை காட்டினான்.

"அவன் யாருப்பா?" என்று கேட்டான். "அந்தக் கை உறைஞ்சவன். பேரு தெரியுமா?"

எமில் பனிக்கட்டித் தாளை விரலில் மாற்றிப் பிடித்துக்கொண்டார். பெயர்த் தகட்டைத் தொடுவதுபோல இடது கையைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

"தெரியும்," என்றார். "எல்லார் பேரும் தெரியும்."